லாக் ஓபரான் ஒரு சுவிட்ச் அல்ல

பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் படித்த யாரிடமாவது "லாக் ஓபரான் என்றால் என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். ஒரே மூச்சில் பதில் வரும். லாக்டோஸ் இல்லையென்றால் ஒடுக்கிப் புரதம் ஆபரேட்டர் மேல் உட்கார்ந்துவிடும், மரபணு ஆஃப். லாக்டோஸ் வந்தால் ஒடுக்கி விலகிவிடும், மரபணு ஆன். படம் வரைந்து பாகம் குறித்தால் முழு மார்க். அத்தோடு அந்தப் பாடம் முடிந்தது.

இந்தப் பதிலில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் கதை எங்கே சுவாரசியமாக ஆரம்பிக்கிறதோ, சரியாக அந்த இடத்தில் இந்தப் பதில் நின்றுவிடுகிறது. "சுவிட்ச்" என்ற ஒற்றைச் சொல் மாணவனின் அடுத்த கேள்வியை வாயிலேயே அடைத்துவிடுகிறது. சுவிட்ச் என்றால்தான் எல்லோருக்கும் தெரியுமே, அதில் கேட்க என்ன இருக்கிறது?

கேட்க நிறைய இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில் கொஞ்சம் பின்னணி

நம் குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவின் டி.என்.ஏ.வில் சுமார் 46 லட்சம் எழுத்து ஜோடிகள். அதில் நாலாயிரத்துச் சொச்சம் மரபணுக்கள். எல்லா மரபணுவும் எல்லா நேரமும் வேலை செய்தால் அந்தச் செல் சாப்பாடு போதாமலே செத்துப் போகும். ஒரு புரதம் செய்ய எவ்வளவோ ஆற்றல் செலவாகிறது. கல்யாணம் இல்லாத நாளில் ஆயிரம் பேருக்கு இலை போடுவது மாதிரி அது.

எனவே எந்த மரபணு எப்போது படிக்கப்பட வேண்டும் என்று தீர்மானிக்கச் சில புரதங்கள் இருக்கின்றன. அவை நேராக டி.என்.ஏ. மீதே போய் ஒட்டிக்கொள்பவை. ஈ.கோலையில் இப்படிப்பட்டவை சுமார் 300 வகை உண்டு. லாக் ஒடுக்கி அவற்றில் ஒன்று. லாக்டோஸைச் செல்லுக்குள் கொண்டுவரும் பெர்மியேஸ், அதை உடைக்கும் பீட்டா-கேலக்டோசிடேஸ் ஆகியவற்றுக்கான மரபணுக்கள் வரிசையாக இருக்கின்றன. அந்த வரிசையின் தொடக்கத்தில் இருக்கும் ஆபரேட்டர் என்ற சிறு துண்டில் இந்த ஒடுக்கி ஒட்டிக்கொண்டால், ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் தன் வேலையைத் தொடங்க முடியாது.

பாடப் புத்தகம் விட்டுவிட்ட வாதம்

இதைக் கண்டுபிடித்தவர்கள் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தின் பிரான்சுவா ஜேக்கப், ஜாக் மோனோ. 1961-ல் கட்டுரை, 1965-ல் ஆந்த்ரே லுவோஃபோடு சேர்த்து நோபல் பரிசு. இவ்வளவு பெரும்பாலான புத்தகங்களில் இருக்கும். எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதுதான் இருக்காது.

மோனோ இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தன் ஆய்வேட்டுக்காக பாக்டீரியாவுக்கு இரண்டிரண்டு சர்க்கரையாகக் கொடுத்து வளர்த்துக்கொண்டிருந்தார். சில ஜோடிகளில் வளர்ச்சி ஒரே சீராக ஏறவில்லை. ஏறியது, நின்றது, மறுபடி ஏறியது. முதல் சர்க்கரை தீர்ந்த பிறகு கொஞ்ச நேரம் திகைத்து நின்று, பிறகு இரண்டாவதைத் தின்ன ஆரம்பித்தது பாக்டீரியா. நடுவில் அந்த இடைவெளி ஏன்? இந்தச் சின்னக் கேள்விதான் இருபது வருட வேலைக்கு விதை.

திருப்புமுனை 1950-களின் கடைசியில் வந்தது. அமெரிக்காவிலிருந்து வந்திருந்த ஆர்தர் பார்டியும் சேர்ந்து செய்த அந்தச் சோதனையை மூவர் பெயரையும் ஒட்டி "பஜாமா" சோதனை என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். பாக்டீரியாக்களில் ஆண், பெண் மாதிரி இரண்டு வகை உண்டு. ஒன்று தன் டி.என்.ஏ.வை மற்றொன்றுக்குள் செலுத்தும். பெண் செல்லில் நொதியைச் செய்யும் மரபணுவும் கெட்டது, கட்டுப்படுத்தும் மரபணுவும் கெட்டது. ஆண் செல்லில் இரண்டும் நல்ல நிலையில். ஆண் செல்லின் டி.என்.ஏ. உள்ளே போனதும், லாக்டோஸ் மாதிரி தூண்டும் பொருள் எதுவும் இல்லாமலேயே, சில நிமிடங்களில் நொதி உருவாகத் தொடங்கியது. ஒரு மணி நேரத்துக்குப் பிறகு அது மெல்ல நின்றுபோனது. அப்போது தூண்டும் பொருளைச் சேர்த்தால் மறுபடி தொடங்கியது.

இதற்கு என்ன அர்த்தம் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். நுழைந்தபோது பெண் செல்லில் தடுப்பதற்கு ஆள் இல்லை. அதனால் மரபணு இஷ்டத்துக்கு வேலை செய்தது. கூடவே வந்த கட்டுப்படுத்தும் மரபணு மெதுவாக எதையோ உற்பத்தி செய்தது. அது செல் முழுக்கப் பரவியதும் எல்லாம் நின்றுபோனது. ஆக, லாக்டோஸ் மரபணுவைத் "தூண்டவில்லை". ஏற்கெனவே பூட்டியிருக்கும் ஒன்றின் பூட்டை அது கழற்றுகிறது. மோனோவே அதுவரை நேர்மாறாக நினைத்துக்கொண்டிருந்தவர்.

இந்த ஒரு பத்தியை வகுப்பில் சொல்ல எத்தனை நிமிடம் ஆகும்? பத்து? கண்ணால் காணாத ஒரு பொருள் இருக்கிறது என்று கடிகாரத்தையும் நொதி அளவையும் மட்டும் வைத்து நிரூபித்த கதை இது. இதை விட்டுவிட்டு அம்புக்குறி போட்ட படத்தை மட்டும் கொடுப்பது, துப்பறியும் நாவலைக் கிழித்துக் கடைசிப் பக்கத்தை மட்டும் கையில் கொடுப்பதற்குச் சமம்.

இன்னொன்று. அந்த ஒடுக்கி ஆர்.என்.ஏ.வாக இருக்கலாம் என்றுதான் 1961-ல் ஜேக்கப்பும் மோனோவும் ஊகித்தார்கள். அது புரதம் என்று கையில் பிடித்துக் காட்டியவர்கள் ஹார்வர்டில் இருந்த வால்டர் கில்பர்ட்டும் பென்னோ முல்லர்-ஹில்லும், 1966-ல். அடுத்த வருடமே, அதே ஹார்வர்டில், மார்க் டாஷ்னி லாம்டா வைரஸின் ஒடுக்கியைப் பிரித்தெடுத்தார். நோபல் பரிசு வாங்கிய கட்டுரையிலும் ஓர் ஊகம் தவறாகப் போனது என்பது மாணவர்களுக்குத் தெரிய வேண்டாமா?

ஆஃப் என்றால் ஆஃப் இல்லை

இப்போது சுவிட்ச் உவமை இடறும் முதல் இடம். லாக்டோஸ் இல்லாதபோது மரபணு முழுக்க அணைந்திருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். செல்லில் பெர்மியேஸ் ஒன்றுகூட இல்லை. திடீரென்று வெளியே லாக்டோஸ் வருகிறது. அது எப்படி உள்ளே போகும்? உள்ளே போவதற்கு வேண்டிய கதவே அந்த மரபணு எரிந்தால்தானே செய்யப்படும்!

சிக்கல் இதோடு முடியவில்லை. ஒடுக்கியைக் கழற்றுவது உண்மையில் லாக்டோஸே இல்லை. லாக்டோஸிலிருந்து உருவாகும் அல்லோலாக்டோஸ் என்ற அதன் உறவுக்காரச் சர்க்கரை. அதை உருவாக்குவது யார்? அதே பீட்டா-கேலக்டோசிடேஸ். பூட்டைத் திறக்கும் சாவி பூட்டிய அறைக்குள்ளேயே செய்யப்படுகிறது.

விடை எளிது. மரபணு ஒருபோதும் முழுக்க அணைவதில்லை. லாக்டோஸ் இல்லாத செல்லிலும் இந்த நொதி ஒரு சில மூலக்கூறுகளாவது இருக்கும். எரியும்போது அது ஆயிரக்கணக்கில் பெருகும். அந்த ஒரு சில மூலக்கூறுகளை "கசிவு" என்று சொல்லி ஏதோ பழுது போல ஒதுக்கிவிடுகிறார்கள். பழுது இல்லை அது. வெளியே என்ன நடக்கிறது என்று கேட்கும் காது. கசிவே இல்லாத கச்சிதமான சுவிட்ச் வைத்திருக்கும் பாக்டீரியா, லாக்டோஸ் கடலில் மிதந்தாலும் பட்டினி கிடக்கும்.

உட்கார்ந்திருக்கவில்லை, அலைகிறது

இரண்டாவது இடம், அந்த "உட்கார்ந்துகொள்ளும்" என்ற சொல். ஒரு செல்லில் இருக்கும் லாக் ஒடுக்கி எத்தனை? ஏறக்குறைய 10. நான்கு துண்டுகள் சேர்ந்த மூலக்கூறு ஒவ்வொன்றும். 46 லட்சம் எழுத்துகளுக்குள் சுமார் 21 எழுத்து நீளமுள்ள தன் இடத்தை இந்தப் பத்தும் எப்படிக் கண்டுபிடிக்கின்றன?

டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளையும் பிரித்துப் பார்க்க அவற்றால் முடியாது. தேவையும் இல்லை. இரட்டைச் சுருளின் வெளிப்புறத்தில் ஓர் அகலமான பள்ளம் ஓடுகிறது. அந்தப் பள்ளத்தில் ஒவ்வொரு எழுத்து ஜோடியின் ஓரமும் கொஞ்சம் வெளியே தெரியும். ஒடுக்கியின் ஒரு சிறு சுருள் அந்தப் பள்ளத்துக்குள் நுழைந்து, ஓரங்களோடு ஹைட்ரஜன் பிணைப்பு பொருந்துகிறதா என்று பார்க்கிறது. பார்வையற்றவர் பிரெயில் எழுத்தை விரலால் தடவிப் படிப்பதைப் போல.

1970-ல் ஆர்தர் ரிக்ஸும் உடன் பணியாற்றியவர்களும் அளந்தபோது, சும்மா நீரில் மிதந்துபோய் மோதினால் எவ்வளவு வேகம் சாத்தியமோ அதைவிட வேகமாக லாக் ஒடுக்கி தன் இடத்தைச் சேர்வது தெரிந்தது. காரணம், அது டி.என்.ஏ. மேல் எங்காவது தொற்றிக்கொண்டு கொஞ்ச தூரம் வழுக்கும், விட்டுவிட்டு வேறிடத்தில் தொற்றும், மறுபடி வழுக்கும். 2007-ல் ஜோஹான் எல்ஃப், சன்னி ஷீ குழு உயிருள்ள செல்லுக்குள்ளேயே ஒற்றை மூலக்கூறுகளை ஒளிரவைத்துப் பார்த்தது. தன் நேரத்தில் ஏறக்குறைய 90 சதவீதத்தைச் சம்பந்தமில்லாத இடங்களில் ஒட்டிக்கொண்டுதான் அது கழிக்கிறது. ஒவ்வோர் இடத்திலும் சில மில்லி விநாடிகள் மட்டும். 2012-ல் அதே வழியில் நடந்த ஆய்வு இன்னொன்றைச் சொன்னது. சரியான இடத்தின் மேலேயே வந்தாலும் பல முறை கவனிக்காமல் வழுக்கிக் கடந்து போய்விடுகிறதாம்!

இன்னும் ஒரு விஷயம். ஆபரேட்டர் ஒன்று அல்ல, மூன்று. முதன்மையானது ஒன்று, துணைக்கு இரண்டு. ஒடுக்கிக்கு இரண்டு கை இருப்பதால் ஒரே நேரத்தில் இரண்டு ஆபரேட்டர்களைப் பிடித்து, நடுவிலுள்ள டி.என்.ஏ.வை வளையமாக மடிக்கிறது. ஒரு கை நழுவினாலும் இன்னொரு கை பிடித்திருக்கும். 1990-ல் முல்லர்-ஹில் குழு துணை ஆபரேட்டர்கள் இரண்டையும் அழித்துப் பார்த்தபோது அடக்கும் திறன் ஐம்பதில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. பல பள்ளிப் படங்களில் இந்த இரண்டும் இருப்பதே இல்லை.

இதில் கிடைக்கும் பாடம், கட்டுப்பாடு என்பது சாத்தியக்கூறு என்பதுதான். அதன் விளைவைப் பாருங்கள். 1957-லேயே ஆரன் நோவிக்கும் மில்டன் வீனரும் ஒன்றைக் கவனித்தார்கள். தூண்டும் பொருளை அரைகுறை அளவில் கொடுத்தால் எல்லா செல்லும் அரைகுறையாக எரிவதில்லை. சில செல் முழுக்க எரியும், மற்றவை அணைந்தே கிடக்கும். அதற்கான காரணம் 2008-ல் ஷீ குழுவின் ஆய்வில் தெளிவானது. ஒரு கை நழுவினால் சில மூலக்கூறுகளே கசியும். இரண்டு கையும் ஒருசேர நழுவும் அபூர்வமான நொடியில் பெர்மியேஸ் மொத்தமாக உற்பத்தியாகும். அது தூண்டும் பொருளை உள்ளே இழுக்கும், அதனால் ஒடுக்கி திரும்பி ஒட்ட முடியாது, செல் முழுக்க மாறிவிடும்.

ஒரே மரபணுக்கள், ஒரே சாப்பாடு, ஒரே குடுவை. ஆனாலும் பக்கத்துப் பக்கத்து செல்கள் இரண்டு விதமாக நடக்கின்றன. காரணம் ஒற்றை மூலக்கூறின் ஒரு நழுவல். "மரபணுவில் எழுதியிருப்பதுதான் விதி" என்று பேசுபவர்கள் இந்தச் சோதனையை ஒரு முறையாவது படிக்க வேண்டும்.

ஒரு மாதிரி, ஒரு மதம் ஆனபோது

மூன்றாவது இடம் கொஞ்சம் கசப்பானது. ஜேக்கப்–மோனோ மாதிரி அவ்வளவு அழகாக இருந்ததால், எல்லா மரபணுவும் இப்படித்தான், தடுப்பதன் மூலமாக மட்டும்தான், கட்டுப்படுத்தப்படுகிறது என்ற நம்பிக்கை பரவியது. அப்போது எல்லிஸ் எங்கிள்ஸ்பர்க் என்பவர் அராபினோஸ் என்ற இன்னொரு சர்க்கரையின் மரபணுக்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். கட்டுப்படுத்தும் மரபணுவை நீக்கினால் என்ன ஆகும்? லாக் மாதிரியில், தடுக்க ஆளில்லாமல் எப்போதும் எரிய வேண்டும். அராபினோஸில் நடந்தது நேர்மாறு. அடியோடு அணைந்துபோனது. அதாவது இந்தப் புரதம் தடுப்பதற்கு இல்லை, தொடங்கி வைப்பதற்கு இருக்கிறது.

1965-ல் அவர் இதை வெளியிட்டார். பலர் ஏற்கவில்லை. சுற்றி வளைத்து இதையும் தடுப்பாகவே விளக்க முடியும் என்று வருடக்கணக்கில் வாதாடினார்கள். கடைசியில் அவர் சொன்னதே நிலைத்தது. பின்னாளில் ராபர்ட் ஷ்லைஃப் குழுவின் வேலையில் அந்தப் புரதம் இரண்டு வேலையும் செய்வது தெரிந்தது. அராபினோஸ் இல்லாதபோது டி.என்.ஏ.வை வளைத்துத் தடுக்கிறது. அராபினோஸ் வந்ததும் பிடியை மாற்றிக்கொண்டு ஆர்.என்.ஏ. பாலிமரேஸைக் கூப்பிடுகிறது.

லாக் ஓபரானிலேயே இதே கதை உண்டு. குளுகோஸ் இருக்கும்போது லாக்டோஸை ஏன் தொடுவதில்லை என்றால், சைக்ளிக் ஏ.எம்.பி. குறைவதால், அதைத் துணைக்குக் கொண்டு மரபணுவைத் தூண்டும் சி.ஏ.பி. புரதம் ஒட்ட முடியாமல் போகிறது என்று எழுதி மார்க் வாங்குகிறார்கள். சி.ஏ.பி. முக்கியமானதுதான், ஐயமில்லை. ஆனால் குளுகோஸ் உள்ளே வந்துகொண்டிருக்கும்போது லாக்டோஸ் நுழையும் கதவையே ஒரு புரதம் அடைத்துவிடுகிறது. அந்தப் பழைய "திகைத்து நிற்கும்" இடைவெளிக்கு இதுவே முதன்மைக் காரணம் என்று 1996-ல் ஹிரோஜி ஐபா குழு காட்டியது. எத்தனை பாடப் புத்தகங்களில் இது வந்திருக்கிறது?

இதெல்லாம் எதற்கு?

"சரிப்பா, பாக்டீரியா பால் குடித்தால் என்ன, குடிக்காவிட்டால் என்ன?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இரண்டு உதாரணங்கள் போதும்.

ஒன்று, டெட்ராசைக்ளின். இந்த மருந்தை வெளியே துப்பும் பம்ப் ஒன்று பல பாக்டீரியாக்களில் இருக்கிறது. பம்ப் அதிகமானால் பாக்டீரியாவுக்கே கெடுதல். அதனால் டெட்-ஆர் என்ற ஒடுக்கி அதை அடக்கி வைத்திருக்கும். மருந்து உள்ளே வந்து டெட்-ஆரில் ஒட்டியதும் ஒடுக்கி விலகும், பம்ப் தயாராகும். இதில் தந்திரம் என்னவென்றால், ரைபோசோமை முடக்கத் தேவையான அளவைவிட மிகக் குறைந்த அளவிலேயே டெட்-ஆர் மருந்தை மோப்பம் பிடித்துவிடும். அடி விழுவதற்கு முன்பே கேடயம் தயார். மருந்து எதிர்ப்பு என்று செய்தித்தாளில் படிப்பதற்குப் பின்னால் லாக் ஓபரானின் தம்பி ஒருவன் நிற்கிறான்.

இரண்டு, தொண்டை அடைப்பான் எனப்படும் டிப்தீரியா. இந்நோயின் நச்சுக்கான மரபணு பாக்டீரியாவுக்குச் சொந்தமானதே இல்லை. ஒரு வைரஸ் கொண்டுவந்து சேர்த்தது. ஆனால் அதை அடக்குவது பாக்டீரியாவின் சொந்தப் புரதமான டி.டி.எக்ஸ்.ஆர். இரும்புச் சத்து கிடைக்கும்வரை அது நச்சு மரபணுவைப் பிடித்து வைத்திருக்கும். மனித உடம்பில் தனி இரும்பு கிடைப்பது அரிது. இரும்பு குறைந்ததும் பிடி தளரும், நச்சு வெளிவரும். ஒரு குழந்தையின் மூச்சை அடைப்பது கடைசியில் ஒரு புரதம் டி.என்.ஏ.வை விட்டு விலகும் அந்தச் செயல்தான்.

நல்ல பக்கமும் உண்டு. 1978-ல் ஈ.கோலைக்குள் மனித இன்சுலினைச் செய்தபோது அந்த மரபணுவை இயக்கப் பயன்பட்டது லாக் ஓபரானின் கட்டுப்பாட்டுப் பகுதியே. 1982-ல் அந்த இன்சுலினுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மோனோ சர்க்கரைக் கரைசலில் பாக்டீரியாவை வளர்த்தபோது யாருடைய சர்க்கரை நோயையும் மனதில் வைத்துச் செய்யவில்லை.

ஒரே ஒரு கேள்வி

"பள்ளிக்கூடப் பிள்ளைக்கு இவ்வளவு சுமை தேவையா? சுவிட்ச் என்று சொன்னால் சட்டென்று புரிகிறதே" என்று ஆசிரியர்கள் சொல்வார்கள். அதுவும் உண்மைதான். ஐம்பது பேர் வகுப்பு, முடிக்க வேண்டிய பாடம், தலைக்கு மேல் நீட் தேர்வு. முதல் நாள் சுவிட்ச் என்றே சொல்லட்டும். யாரும் குறை சொல்லப் போவதில்லை.

ஆனால் இரண்டாம் நாள் ஒரே ஒரு கேள்வியைக் கரும்பலகையில் எழுதிப் போட வேண்டும். "கதவே இல்லாத வீட்டுக்குள் முதல் லாக்டோஸ் எப்படி நுழைந்தது?" இதற்குப் புதுப் பாடம் வேண்டாம், கூடுதல் பக்கம் வேண்டாம், ஆய்வுக்கூடம்கூட வேண்டாம். படத்தை மனப்பாடம் செய்தவனால் இதற்குப் பதில் எழுத முடியாது. புரிந்துகொண்டவனால் முடியும். புரிந்துகொள்ள முயன்று திணறுபவனும், தானே கசிவைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு இருக்கிறது.

தேர்வுத் தாளிலும் "லாக் ஓபரானைப் படத்துடன் விளக்குக" என்பதற்குப் பதிலாக ஒரு வருடம் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்க்கட்டும். பாஸ்டர் நிறுவனத்தின் பரணில் இருந்த சோதனைக்கூடத்தில் உட்கார்ந்து இரண்டு பேர் தலையைப் பிய்த்துக்கொண்டதும் இந்த மாதிரிக் கேள்விகளுக்காகத்தான். விடையை மட்டும் தலைமுறை தலைமுறையாகக் கொடுத்துவிட்டு, கேள்வியை அவர்களோடேயே விட்டுவிட்டது பாடத்திட்டம்.